எண்ணோடு குறிப்பும் வரட்டும்

ஆசிரியருக்கு,

இங்கிலாந்து உள்ளாட்சி மன்றங்களின் நிதிப் புள்ளிவிவரங்களைச் சீர்செய்வது பற்றிய தங்கள் கட்டுரையைப் படித்தேன். அவற்றை விரைவாக வெளியிட வேண்டும் என்று அதில் சொல்வது சரி. ஆனால் ஒப்பிட முடியாத எண் சீக்கிரம் வந்து என்ன பயன்? மன்றம் ஒன்றின் கணக்குப் பிரிவில் நான் வேலை பார்த்தபோது, ஆண்டிறுதிச் செலவுப் படிவத்தில் கணினி, கட்டடச் செலவுகளை ஒவ்வொரு சேவைக்கும் பகிர்ந்து எழுதினோம். பக்கத்து மன்றமோ அவற்றைப் பெரும்பாலும் பொது நிர்வாகத் தலைப்பிலேயே வைத்தது. அதனால், ஒப்பிடும்போது எங்கள் நூலகங்கள்தான் அதிகம் செலவழிப்பவையாகத் தெரிந்தன. அங்கே உழைத்தவர்களுக்கு இது பெரிய அநியாயம்.

மன்றக் கணக்குகளின் தணிக்கையும் பின்தங்கி, 2022-23 நிதியாண்டு வரையிலான நிலுவையை முடிக்க 2024 டிசம்பர் 13 என அரசு கெடு வைக்க நேர்ந்தது. கணினி, கட்டடம் போன்ற பொதுச் செலவு சேவைகளுக்கு எப்படிப் பகிரப்பட்டது, கணக்கு தணிக்கையானதா என்ற இரண்டையும் அட்டவணையில் ஒவ்வொரு மன்றத்தின் பெயருக்கு அருகிலேயே அரசு அச்சிட வேண்டும்.