பல்டி அடித்த காருக்குள் ஒருவர் இருந்தார்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செவ்வாய்க்கிழமை உங்கள் விளையாட்டுப் பக்கத்தின் அடியில், கிரிக்கெட் ஸ்கோருக்கும் கபடிச் செய்திக்கும் நடுவே ஒரு படம் போட்டிருந்தீர்கள். மூக்கைத் தூக்கிக்கொண்டு பின்சக்கரத்தில் நிற்கிற ஒரு கார். கீழே ஒரே வரி: "அமெரிக்காவில் நடந்த கார் பந்தயத்தில் கார் ஒன்று பல்டி அடித்த காட்சி." அவ்வளவுதான்.

அந்தக் காரை ஓட்டியவர் பெயர் ரயான் ப்ரீஸ். கார் எண் 60. 2025 பிப்ரவரி 16, ஞாயிற்றுக்கிழமை, ஃப்ளோரிடாவில் நாஸ்கார் என்ற அமைப்பு நடத்துகிற டேடோனா 500 பந்தயம் முடிகிற நேரத்தில் நடந்தது. 2023 ஆகஸ்டில் இதே டேடோனாவில் இதே மனிதர் இதைவிட மோசமாக உருண்டு, ஓர் இரவு ஆஸ்பத்திரியில் கிடந்தவர். இந்த முறை தானே இறங்கிவிட்டார். டிவிக்காரர்கள் மைக்கை நீட்டினார்கள். வண்டி மேலே எழும்பியதும் சத்தமெல்லாம் அடங்கிவிட்டது, அந்த நேரத்தில் மகளின் நினைப்புதான் இருந்தது என்றார். இப்படியே போனால் யாராவது ஒருவர் வீடு திரும்பாமல் போகிற நாள் தூரத்தில் இல்லை என்கிற மாதிரியும் சொன்னார். படம் கிடைத்த உங்களுக்கு இந்த இரண்டு வரி கிடைக்கவில்லையா என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பீளமேட்டுக்காரன். மில்லில் ஃபிட்டராக 31 வருடம் ஓட்டிவிட்டு ஓய்வு பெற்றவன். வட கரோலினாவில் கான்கார்ட் என்ற ஊரில் மகள் வீடு. அங்கே வந்து ஐந்து மாதம், ஆறு மாதம் இருந்துவிட்டுப் போவது வழக்கம். இது மூன்றாவது தடவை. பந்தயத்துக்கும் எனக்கும் அதற்கு முன் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. செட்டிப்பாளையம் டிராக்கில் ஒரே ஒரு தடவை வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன்.

இங்கே பக்கத்து வீட்டுக்காரருக்கு எழுபத்து நான்கு வயது. அடுத்த ஊரான கன்னாபொலிஸில் துண்டு நெய்கிற கேனன் மில்லில் தறிக்கூடத்தில் இருந்தவர். எனக்கும் அவருக்கும் காது மந்தம், இரண்டும் மில் கொடுத்த சீதனம். என் இங்கிலீஷ் அவருக்குப் புரியாது, அவருடையது எனக்குப் புரியாது. இருந்தாலும் அவர் கையால் லூம் ஓடுகிற மாதிரி செய்து காட்டினார், நான் நூல் நூற்கிற ரிங் ஃபிரேமைச் செய்து காட்டினேன். அன்றோடு சிநேகம் ஆகிவிட்டது. 2003 ஜூலையில் அவருடைய மில் மூடப்பட்ட அன்று ஒரே நாளில் 4,000 பேருக்கு மேல் வேலை போனதாம். எங்கள் ஊரில் மில்கள் ஒவ்வொன்றாகப் பூட்டுப் போட்ட கதையை நான் சொல்லாமலேயே அவருக்குப் புரிந்தது.

அவருடைய பழைய டிரக்கின் பின் கண்ணாடியில் சாய்ந்த எழுத்தில் 3 என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முதலில் ஏதோ கட்சிச் சின்னம் என்று நினைத்தேன். அது டேல் எர்ன்ஹார்ட்டின் கார் எண். ஏழு முறை சாம்பியன். கன்னாபொலிஸ் மில்லில் வேலை பார்த்து, அதை விட்டுப் பந்தயத்துக்குப் போன ரால்ஃப் என்பவரின் பிள்ளை. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர். ஊர் நடுவில் ஒன்பதடி உயரத்துக்கு வெண்கலச் சிலை வைத்திருக்கிறார்கள், கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் அவரைத் தன் ஷிஃப்டில் வேலை பார்த்த ஆளைச் சொல்வதுபோல "டேல்" என்றுதான் சொல்வார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊரில் ரேக்ளா நடக்கும்போது மைக்கில் என்ன சொல்கிறார்கள்? வண்டி யாருடையது, எந்த ஊர், ஓட்டுகிறவர் யார் என்று சொல்லாமல் ஒரு வண்டியைக்கூட விடமாட்டார்கள். வண்டி கவிழ்ந்தாலும் பெயர் சொல்லித்தான் ஓடுவார்கள். ஸ்டாக் கார் பந்தயத்திலும் அப்படித்தான். ஆரம்பத்தில் கடையில் விற்கிற காரையே கொண்டுவந்து ஓட்டியதால் ஸ்டாக் கார். இன்றைக்கு அது பெயரளவுக்குத்தான். மதுவிலக்குக் காலத்திலும் அதற்கு அப்புறமும் மலைப்பாதையில் கள்ளச்சாராயம் ஏற்றிக்கொண்டு போலீஸுக்குத் தண்ணி காட்டியவர்கள் பலர் முதல் தலைமுறை ஓட்டுநர்கள். ஜூனியர் ஜான்சன் என்ற பெரிய ஓட்டுநர் அதற்காக ஜெயிலுக்கே போனவர். சனங்களுக்கு நடுவில் இருந்து வந்த விளையாட்டு என்பதால்தான் ஓட்டுகிறவனுக்கும் பார்க்கிறவனுக்கும் நடுவில் சுவர் கொஞ்சம் தாழ்வு.

எவ்வளவு தாழ்வு என்பதை ஒரு மே மாதம் சார்லட் மைதானத்தில் பார்த்தேன். ஒன்றரை மைல் வட்டம், 400 சுற்று, 600 மைல். வெயிலில் ஆரம்பித்து விளக்கு வெளிச்சத்தில் முடிகிறது. பக்கத்து வீட்டுக்காரர் என் காதில் ஒரு ஹெட்போனை மாட்டி, ஸ்கேனர் என்ற சின்னப் பெட்டியில் ஓர் எண்ணைத் திருகினார். ஓட்டுநர் தன் ஆட்களிடம் பேசுவது அப்படியே கேட்டது. டயர் வழுக்குகிறது என்கிறார், முன்னால் போகிறவனைத் திட்டுகிறார், மேலே கூரையில் நிற்கிற ஆள் "உள்ளே கார், உள்ளே கார்" என்று வழி சொல்லிக்கொண்டே இருக்கிறார். திட்டுகிற வார்த்தைகளை மாப்பிள்ளை எனக்கு மொழிபெயர்க்க மறுத்துவிட்டார். எந்த விளையாட்டில் ஆடுகிறவன் தனக்குள் முணுமுணுப்பதைக்கூடப் பார்க்கிறவன் கேட்க முடியும், சொல்லுங்கள்.

பந்தயத்துக்கு முன்னால் ஒவ்வொரு ஓட்டுநரையும் மேடையில் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். சிலருக்குக் கைதட்டல். சிலருக்கு "பூ" என்று கூச்சல். கைல் புஷ் என்பவருக்குப் பல வருடம் கூச்சல்தான். அவரோ ஜெயித்துவிட்டு இறங்கி, கூச்சல் போடுகிற கூட்டத்துக்குக் குனிந்து வணக்கம் வைப்பார். ஜெஃப் கார்டன் என்ற இளம் ஓட்டுநர் வந்த புதிதில் எர்ன்ஹார்ட்டின் ரசிகர்கள் அவரை உண்டு இல்லை என்று ஆக்கினார்கள். அந்தப் பையன் சாம்பியன் ஆனால் விருந்தில் ஷாம்பெயினுக்குப் பதில் பால்தான் என்று எர்ன்ஹார்ட்டே கிண்டல் செய்ய, கார்டன் 1995 சாம்பியன் விருந்தில் பால் கிளாஸைத் தூக்கிக் காட்டினார். மேடைக்குக் கீழே இரண்டு பேரும் சிநேகிதர்கள். ஆனால் 2004-இல் டல்லடேகா என்ற டிராக்கில் எர்ன்ஹார்ட்டின் மகனை முந்தி கார்டன் ஜெயித்தபோது, காலரியில் இருந்து பீர் டப்பாக்கள் மழையாக டிராக்கில் விழுந்தன. அதையும் சொல்லத்தான் வேண்டும். எல்லா ரசிகரும் நல்லவர் என்று நான் சாதிக்க வரவில்லை.

பேட்டி கொடுப்பதும் வேலையில் சேர்ந்ததுதான். கார் நொறுங்கி மருத்துவ அறைக்குப் போய் வெளியே வந்தால் வாசலிலேயே மைக். வேர்வை வழிய, முதலில் ஸ்பான்சர் பெயர்களை ஒன்றுவிடாமல் சொல்கிறார்கள், கோயிலில் சங்கல்பத்துக்குக் குடும்பத்தார் நட்சத்திரம் வரிசையாகச் சொல்வோமே அப்படி. அப்புறம்தான் என்ன நடந்தது என்பது. டோனி ஸ்டூவர்ட் என்ற ஓட்டுநர் 2002-இல் கோபத்தில் ஒரு புகைப்படக்காரரைத் தள்ளிவிட்டார். பந்தய நிர்வாகம் போட்ட அபராதம் 10,000 டாலர். அவருடைய ஸ்பான்சரே தனியாகப் போட்டது 50,000 டாலர். பத்திரிகைக்காரரின் தோளுக்கு அவ்வளவு மதிப்பு. பத்திரிகை எழுதுகிற பெயருக்கு எவ்வளவு மதிப்பு இருக்க வேண்டும்?

ரிச்சர்ட் பெட்டி என்று ஒருவர். 200 பந்தயம் ஜெயித்தவர், "கிங்" என்றுதான் அழைப்பார்கள். கையெழுத்தைச் சுழித்துச் சுழித்து அழகாகப் போடுவதற்கென்றே இளமையில் பயிற்சி எடுத்துக்கொண்டவர். கிறுக்கிவிட்டு நகர்கிற வேலை அவரிடம் கிடையாது. வரிசையில் நிற்கிற கடைசி ஆள் வரைக்கும் போட்டுக்கொடுப்பார். பக்கத்து வீட்டுக்காரர் ஒரு தொப்பியைக் காட்டினார். நாற்பது வருடம் ஆகியிருக்கும், துணி நைந்துவிட்டது, பெயரை ஒவ்வோர் எழுத்தாக வாசிக்கலாம்.

இனிமேல் சொல்வதுதான் உங்களுக்கு முக்கியம். 2001 பிப்ரவரி 18, டேடோனா 500, கடைசிச் சுற்றின் கடைசி வளைவு. எர்ன்ஹார்ட் சுவரில் மோதி இறந்தார். அவர் காரில் ஸ்டெர்லிங் மார்லின் என்பவரின் கார் லேசாக உரசியது. டிவியில் அந்த உரசலையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். அடுத்த நாளே மார்லினுக்குக் கொலை மிரட்டல். அப்பாவைப் பறிகொடுத்த மகன் டேல் ஜூனியரே வெளியே வந்து, மார்லினைக் குறை சொல்லாதீர்கள் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த வருடம் ஒவ்வொரு பந்தயத்திலும் மூன்றாவது சுற்றில் கூட்டம் எழுந்து மூன்று விரலை உயர்த்தியது. டிவி வர்ணனையாளர்களும் அந்தச் சுற்று முழுக்க வாயைத் திறக்கவில்லை. ஒரு படம் என்ன செய்யும், ஒரு மௌனம் என்ன செய்யும் என்பது இரண்டும் அந்த ஒரே வருடத்தில் நடந்தது.

அதோடு முடியவில்லை. ஆர்லாண்டோ சென்டினல் பத்திரிகை எர்ன்ஹார்ட்டின் பிரேதப் பரிசோதனைப் படங்களைப் பார்க்க வேண்டும் என்று கேட்டது. மனைவி தெரஸா கோர்ட்டுக்குப் போனார். அடுத்த மாதமே அந்த மாதிரிப் படங்களை வெளியார் பார்க்க முடியாதபடி ஃப்ளோரிடாவில் சட்டம் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுக்காரர் இன்றைக்கும் அந்தப் பத்திரிகை பெயரைச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நான் அந்த அளவுக்குப் போகமாட்டேன். படத்தை அச்சிடக் கேட்கவில்லை, சாவுக்குக் காரணம் அறுந்த சீட் பெல்ட்டா அல்லது தலை முன்னால் வீசப்பட்டதா என்று நிபுணரை வைத்துப் பார்க்கத்தான் கேட்டோம் என்றார்கள் அந்தப் பத்திரிகைக்காரர்கள். கடைசியில் சமரசமாகி ஒரு மருத்துவ நிபுணர் ஒரே முறை பார்த்து, தலை வீசப்பட்டதுதான் என்றார். அந்த அக்டோபரிலேயே தலையையும் கழுத்தையும் பிடித்துக்கொள்கிற கருவியைக் கட்டாயமாக்கினார்கள். ப்ரீஸ் இறங்கி வந்து பேசினார் என்றால் அதற்குப் பின்னால் அந்தக் கருவி மட்டுமல்ல, தொல்லை கொடுத்துக் கேள்வி கேட்ட பத்திரிகைக்காரர்களும் இருக்கிறார்கள். பல்டியைக் காட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவர்கள் இல்லை.

பெயர் விஷயத்தில் இன்னும் இரண்டு. 1963 டிசம்பரில் ஜாக்சன்வில்லில் வெண்டெல் ஸ்காட் என்ற கறுப்பினத்தவர் ஜெயித்தார். வேறொருவர் பெயரை அறிவித்துக் கோப்பையையும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். கணக்கில் தவறு, ஸ்காட்தான் முதல் என்று ஒப்புக்கொண்டபோது கூட்டம் கலைந்துவிட்டது. குடும்பத்துக்குக் கோப்பை வந்தது 2021-இல். அதற்குள் அவர் செத்து முப்பது வருடம். அதே 2021-இல் டல்லடேகாவில் பிராண்டன் பிரவுன் என்ற பையன் இரண்டாம் நிலைப் போட்டியில் வாழ்க்கையின் முதல் வெற்றியை வாங்கிக்கொண்டு மைக் முன்னால் நிற்கிறான். பின்னால் கூட்டம் அப்போதைய ஜனாதிபதியைக் கெட்ட வார்த்தையில் திட்டிக் கோஷம் போடுகிறது. பேட்டி எடுத்த அம்மணி, "லெட்ஸ் கோ பிராண்டன்" என்று உங்களைத்தான் உற்சாகப்படுத்துகிறார்கள் என்றார். சமாளித்தாரோ, சரியாகக் காதில் விழவில்லையோ. மறுநாளில் இருந்து அந்தப் பையனின் பெயர் நாடு முழுக்க அரசியல் வசவு. எங்கே வம்பு என்று ஸ்பான்சர்கள் ஒதுங்கினார்கள். ஓட்டுநருக்குச் சொத்தே பெயர்தான். ஒருவருக்குப் பெயரைச் சொல்லாமல் விட்டார்கள், இன்னொருவருக்குப் பெயரையே பிடுங்கிக்கொண்டார்கள்.

எனக்கு வெட்கமான ஒரு விஷயத்தையும் ஒத்துக்கொள்கிறேன். நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன் ஓட்டியது தெரியும். 2010-இல் இதே நாஸ்காரில் பிக்கப் டிரக்குகள் ஓடுகிற தொடரில் ஓட்டியதும், மார்ட்டின்ஸ்வில்லில் முதல் பந்தயத்தில் பதின்மூன்றாவதாக வந்ததும், அந்த வருடம் ரசிகர்கள் ஓட்டுப் போட்டு அந்தத் தொடரின் மிகப் பிரியமான ஓட்டுநர் என்று தேர்ந்தெடுத்ததும் எனக்கு மாப்பிள்ளை சொல்லித்தான் தெரியும். எட்டு மைல் தள்ளி இருக்கிறவரைப் பற்றி எட்டாயிரம் மைல் வந்து தெரிந்துகொண்டேன். பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னபோது, "நரேன்" என்று இரண்டு மூன்று தடவை சொல்லிப் பழகிப் பார்த்தார்.

ஆகவே, ஒரு திருத்தம் போடுங்கள். பெரிதாக வேண்டாம், படம் போட்ட அதே மூலையில் போதும். நீங்கள் எழுதச் சிரமப்பட வேண்டாம் என்று நானே எழுதித் தருகிறேன்:

"செவ்வாய்க்கிழமை இதழில் வெளியான படத்தில் இருப்பது ரயான் ப்ரீஸ் ஓட்டிய 60-ஆம் எண் கார். அவர் நலமாக இருக்கிறார். பந்தயத்தில் வென்றவர் வில்லியம் பைரன்."

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மில் ஃபிட்டர், பீளமேடு
(தற்சமயம் கான்கார்ட், வட கரோலினா)