ஏப்ரல் 1ஐக் கேட்டால் ஜனவரி 4ஐத் தரும் ஓடிபிசி இணைப்பு பற்றிய முறைப்பாடு

திருகோணமலை,
2024 ஜூலை 18.

வாடிக்கையாளர் சேவை முகாமையாளர் அவர்கட்கு,
தலைமை அலுவலகம், கொழும்பு.

மதிப்புக்குரிய ஐயா / அம்மா,

மேலே திகதியில் மாதத்தை எழுத்தில் எழுதியிருக்கிறேன். முந்தி நான் அப்படி எழுதுவதில்லை. மே மாதம் தொடங்கி எங்கே திகதி போட்டாலும் இப்படித்தான் எழுதுகிறேன். எண்ணில் எழுதினால் யாராவது மாறி வாசித்துவிடுவார்கள் என்ற பயம் வந்துவிட்டது. அந்தப் பயம் உங்கள் பொருளால் வந்தது.

நான் உட்துறைமுக வீதியில் உள்ள ஒரு ஹாட்வெயார் கடையில் பதினெட்டு வருடமாகக் கணக்குப் பார்க்கிறேன். சீமெந்து, கம்பி, பெயின்ற், தண்ணீர்க் குழாய்ச் சாமான்கள் விற்கிறோம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் ஹோட்டல் கட்டும் ஒப்பந்தக்காரர்கள், கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் மேசன்மார், இவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். முக்கால்வாசி கடன் வியாபாரம். யார் எந்தத் திகதியில் எடுத்தார், எந்தத் திகதியில் தர வேண்டும் என்பது பிசகினால் எங்களிடம் வேறொன்றும் மிஞ்சாது.

நாங்கள் பாவிக்கும் உங்கள் கணக்கு மென்பொருளின் பதிப்பு எது, மொடியூல் எது என்று நான் எழுதத் தேவையில்லை. செய்தவர்கள் நீங்கள், எங்கள் லைசன்சும் உங்களிடம் இருக்கிறது. எக்ஸெலில் இருந்து நேரே தரவுத்தளத்துக்குள் போய் வேண்டிய பில்களைக் கேட்டு எடுக்கலாம் என்று சொல்லி, அந்த ஓடிபிசி இணைப்பைத் தனியாக வருடம் 48,000 ரூபாவுக்கு விற்றீர்கள். விற்க வந்த தம்பி மிகவும் மரியாதையாகக் கதைத்தார். அதை நான் மறுக்கவில்லை.

முதல் கிழமையிலேயே இணைப்பு வேலை செய்யவில்லை. எங்கள் எக்ஸெல் 64 பிட், இணைப்புக்காக நீங்கள் தந்த டிரைவர் என்ற நிரல் 32 பிட். இரண்டும் ஒரே வகையாக இருந்தால்தான் வேலை செய்யும். விண்டோஸில் ஓடிபிசி அமைக்கும் நிரல் இரண்டு இருக்கிறது. இரண்டுக்கும் கோப்புப் பெயர் ஒன்றே. 64 பிட்டுக்கானது சிஸ்டம்32 என்ற கோப்புறையிலும் 32 பிட்டுக்கானது சிஸ்வாவ்64 என்ற கோப்புறையிலும் கிடக்கிறது. பெயரைப் பார்க்கிறவர்களுக்கு மாறித்தான் விளங்கும். உங்கள் ஆட்களுக்கும் மாறித்தான் விளங்கியிருக்கிறது. நான்கு தடவை பிழையான நிரலுக்குள் டிஎஸ்என் என்ற இணைப்புப் பதிவை அமைக்க வைத்தார்கள். பிறகு 64 பிட் டிரைவர் ஒன்றை அனுப்பினீர்கள். சரி, அதை விடுகிறேன். நான் எழுத வந்தது திகதி விடயம்.

மே 8ஆம் திகதி ஏப்ரல் மாத விற்பனையை எடுக்கப் பார்த்தேன். எக்ஸெல் பெட்டியில் 01/04/2024 என்றும் 30/04/2024 என்றும் அடித்துக் கேட்டேன். வந்த மொத்தம் எங்கள் கடைக்கு ஒரு மாதத்தில் வரவே முடியாத தொகை. பில்களை ஒவ்வொன்றாகப் பார்த்தபோது முதல் பில் ஜனவரி 4ஆம் திகதி போட்டது! உங்கள் டிரைவர் 01/04ஐ அமெரிக்க முறையில் மாதம் முதலாக எடுத்து ஜனவரி 4 என்று வாசித்திருக்கிறது. 30/04இல் முப்பதாவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அதை மட்டும் எங்கள் முறையில் ஏப்ரல் 30 என்று வாசித்திருக்கிறது. ஒரே கேள்விக்குள் ஒரு திகதி அமெரிக்காவிலும் மற்றது இலங்கையிலும். பிழைச் செய்தி ஒன்றுமே வரவில்லை. விளங்காவிட்டால் விளங்கவில்லை என்று சொல்லி நின்றிருந்தால் நான் இத்தனை பாடுபட்டிருக்க மாட்டேன்.

அன்றைக்கே உங்கள் இலக்கத்துக்கு எடுத்தேன். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது. அழுத்தினேன். இருபது நிமிடம் பாட்டு ஓடி, கட்டாகிவிட்டது. மூன்றாம் முறை சிங்களத்துக்கான இலக்கத்தை அழுத்தி, எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். "கணினியைக் கொண்டு வாருங்கள், இங்கே பார்க்கிறோம்" என்றார்கள்.

கொண்டு வந்தேன். மே 14ஆம் திகதி இரவு பஸ்ஸில் அந்தப் பெட்டியைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு கொழும்புவரை வந்தேன். இருநூற்றைம்பது கிலோமீற்றருக்கு மேல். கந்தளாய், ஹபரணை தாண்டும்வரை றோட்டுக் குலுக்கலில் பெட்டிக்கு ஏதும் ஆகிவிடுமோ என்று கண்மூடவில்லை. காலையில் உங்கள் வாசலில் எட்டரைக்கு நின்றேன். பதினொன்றரைக்குத்தான் கூப்பிட்டார்கள். வந்தவர் பத்து நிமிடம் பார்த்தார். விண்டோஸின் நாட்டு அமைப்பை அமெரிக்கா என்று மாற்றினார். அதன் பிறகு எக்ஸெலும் திகதியை மாதம் முதலாக அனுப்ப, ஏப்ரல் சரியாக வந்தது. "பிரச்சினை முடிஞ்சுது, போங்க" என்றார். தேத்தண்ணி கூடக் குடிக்காமல் மத்தியானப் பஸ்ஸில் ஏறினேன்.

மே 16ஆம் திகதி நாங்கள் போட்ட பில்லெல்லாம் 05/16/2024 என்று அச்சாகி வெளியே போய்விட்டது. நிலாவெளி ஒப்பந்தக்காரரின் கணக்காளர், பதினாறாம் மாதம் எது என்று கேட்டு எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார். ஐயா, இதுவா தீர்வு? கடை இருக்கும் நாட்டை மாற்றுவதா? பழையபடி இலங்கை என்று மாற்றினோம், பழைய பிழையும் கூடவே வந்தது. அதற்கிடையில் ஏப்ரல் மாத வற், அதாவது பெறுமதி சேர் வரிப் பணத்தை மே 20க்குள் கட்ட வேண்டும். இந்த வருடம் ஜனவரி 1இல் இருந்து வற் வரி 15 வீதத்தில் இருந்து 18 ஆனது உங்களுக்குத் தெரியும். தொகை பிசகினால் தண்டம். மூன்று இரவு பில் புத்தகத்தை வைத்துக் கையால் கூட்டினேன். 48,000 ரூபா கட்டிய பிறகு, பென்சிலால்.

தயவுசெய்து கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் மென்பொருளை ஒன்பது வருடம் பாவிக்கிறோம். கணக்கு எழுதும் பகுதியில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

ஜூன் 5ஆம் திகதி உங்கள் ஆள் ஒருவர் அங்கிருந்தபடியே எங்கள் கணினிக்குள் வந்து அப்டேட் ஒன்றைப் போட்டார். "இப்ப சரி, பாருங்க அக்கா" என்று 25/05/2024 கேட்டுக் காட்டினார். மே 25ஆம் திகதி பில்கள் சரியாக வந்தன. நானும் நம்பினேன். இப்போதுதான் விளங்குகிறது, 25ஐ மாதமாக யாராலும் வாசிக்க முடியாது. 12க்கு மேற்பட்ட எந்த நாளைக் கேட்டாலும் சரியாகத்தான் வரும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாளில்தான் அது மாறும். பொருளைச் செய்தவர்களுக்கு இது தெரியாமல் இருக்குமா? தெரிந்துகொண்டே 25ஐத் தேர்ந்தெடுத்துக் காட்டினாரா என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது.

அந்த நம்பிக்கையில் ஜூன் 10ஆம் திகதி கடன் பட்டியல் எடுத்தேன். 10/05/2024க்கு முந்திய, பணம் வராத பில்கள் வேண்டும் என்று கேட்டேன். அது ஒக்டோபர் 5 என்று வாசித்துவிட்டது. அப்படியென்றால் கடையில் அன்றைக்கு இருந்த கடன் அத்தனையும் தவணை கடந்தது. பட்டியல் நீளமாக இருந்ததைப் பார்த்து, இந்த வருடம் ஆட்கள் கட்டுவதில் பிந்துகிறார்கள் என்று நினைத்தேன். கடைப் பொடியனிடம் கொடுத்தேன். அவன் 31 பேருக்குப் போன் எடுத்தான்.

ஹஜ் பெருநாளுக்கு ஒரு கிழமை இருந்தது.

அடுத்த நாள் காலை கிண்ணியாவில் இருந்து ஒரு நானா பாலம் கடந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். நான் வேலைக்குச் சேர முந்தியே அவருடைய வாப்பா எங்களிடம் சாமான் எடுத்தவர். சட்டைப் பையில் இருந்து பில்லை எடுத்து மேசையில் வைத்துக் கையால் நீவிவிட்டார். ஜூன் 7ஆம் திகதி எடுத்த கம்பி. மாத முடிவில் தருவதாகப் பேச்சு. "தங்கச்சி, வாப்பா காலத்துல இருந்து வாங்குறம். மூணு நாள் கடனுக்கு ஆள் வெச்சுப் போன் எடுப்பீங்களா? பெருநாள் வருகுது, ஊட்டுல எல்லாரும் இருக்கக்க எடுத்தான் அந்தப் பொடியன்" என்றார். சத்தம் போடவில்லை. காசை முழுவதும் எண்ணி வைத்துவிட்டுப் போனார். நான் கணினியின் பிழை என்று சொன்னது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அவர் வரவில்லை. இனிக் கிண்ணியாவில் யாரும் எங்கள் கடைக்கு வருவார்களா என்பது எனக்குச் சந்தேகம். பதினெட்டு வருடம் நான் சேர்த்த பெயர் அந்த ஒரு காலையில் போய்விட்டது. அதற்கு நீங்கள் எத்தனை இலட்சம் தந்தாலும் காணாது.

இப்போது ஜூன் 13ஆம் திகதி எனக்குப் பதில் சொன்ன உங்கள் ஆளைப் பற்றி எழுதுகிறேன். பெயர் கேட்டேன், தரவில்லை. அழைப்புப் பதிவு உங்களிடம் இருக்கும், பின்னேரம் மூன்று மணியளவில். நான் நடந்ததைச் சொல்லி முடிக்க முந்தியே, "அம்மா, இது கணக்குப்பிள்ளைமாருக்கு விளங்கிற விசயமில்ல. ஐடி ஆள் ஒருத்தரைக் கதைக்கச் சொல்லுங்க" என்றார். எங்கள் கடையில் அப்படி ஒருவரும் இல்லை என்றேன். "அப்ப ட்ரிங்கோல கொம்பியூட்டர் தெரிஞ்ச ஆள் ஒருத்தரும் இல்லையா?" என்று கேட்டுப் பக்கத்தில் இருந்தவரோடு சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குக் கேட்டது. பிறகு, எக்ஸெலில் திகதி நெடுவரிசையில் 45383 என்று எண் வருகிறதே என்று சொன்னதற்கு, டேட்டாபேஸ் பழுதாகிவிட்டது, திருத்த 35,000 ரூபா ஆகும் என்றார்.

டேட்டாபேஸுக்கு ஒரு பழுதும் இல்லை. அதைக் கண்டுபிடித்தவர் திருகோணமலை ஆள்தான். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் கோணேசபுரி வளாகத்தில் படிக்கும் என் மச்சாளின் மகன், இரண்டாம் வருடம். எக்ஸெல் திகதியை 1900 ஜனவரி 1இல் இருந்து நாட்களாக எண்ணி வைக்கும், 45383 என்றால் 2024 ஏப்ரல் 1 என்று, பெட்டியின் வடிவத்தைத் திகதி என்று மாற்றிக் காட்டினான். அரை நிமிடம். 35,000 ரூபா.

ஓடிபிசியில் திகதி எழுதுவதற்கு என்றே பொது முறை ஒன்று இருக்கிறது என்பதையும் அவன்தான் சொன்னான். நெளிவு அடைப்புக்குறிக்குள் ஆங்கிலச் சிறிய டி எழுத்து, பிறகு ஒற்றை மேற்கோளுக்குள் ஆண்டு, மாதம், நாள், இடையில் சிறு கோடு. அப்படி எழுதினால் அமெரிக்காவும் இல்லை, இலங்கையும் இல்லை, ஒரே பொருள்தான். எழுதிப் பார்த்தோம். ஏப்ரல் ஏப்ரலாக வந்தது. உங்கள் டிரைவருக்கு அது விளங்குகிறது! பத்துக் கிழமையில் உங்கள் அலுவலகத்தில் என்னோடு கதைத்த ஒருவர்கூட அதைச் சொல்லவில்லை. நீங்கள் தந்த கைநூலில் ஓடிபிசிக்கு ஒரு பக்கம் இருக்கிறது, அதில் திகதி என்ற சொல்லே இல்லை.

அதோடும் முடியவில்லை. மே மாத வற் கணக்கை அந்த முறையில் மே 1இல் இருந்து மே 31 வரை என்று எடுத்தேன். பில் புத்தகத்தின் கடைசி இலக்கத்தோடு ஒப்பிட்டபோது 14 பில் குறைந்தது. எல்லாம் மே 31, வெள்ளிக்கிழமை போட்டவை. உங்கள் தரவுத்தளம் திகதியோடு நேரத்தையும் சேர்த்து வைக்கிறது. மே 31 வரை என்றால் அன்றைய நள்ளிரவு பூச்சியம் மணியோடு நின்றுவிடுகிறது. கடை திறந்த பிறகு போட்ட பில் ஒன்றும் வராது. ஜூன் 1க்கு முந்தியவை என்று கேட்டால்தான் முழுதாக வருகிறது. மாதக் கடைசி நாள்தான் எங்களுக்குப் பெரிய வியாபாரம். இலக்கத்தை ஒப்பிடாமல் விட்டிருந்தால், 18 வீத வரியை மறைத்தவள் என்று இறைவரித் திணைக்களத்தின் முன் நான் நின்றிருப்பேன். இதை ஜூன் 19ஆம் திகதி போனில் சொன்னபோது "அது அப்படித்தான் வேலை செய்யும்" என்று வைத்துவிட்டார்கள். அப்படித்தான் வேலை செய்யும் என்றால் விற்கும்போது சொல்லியிருக்க வேண்டும்.

நான் கேட்பது அதிகமில்லை. இந்த வருடம் கட்டிய 48,000 ரூபாவைத் திருப்பித் தாருங்கள். திகதியை எப்படிக் கேட்க வேண்டும், நேரம் எப்படிச் சேர்ந்திருக்கிறது என்பதைத் தமிழிலும் எழுதி, இந்த இணைப்பை வாங்கிய எல்லாருக்கும் அனுப்புங்கள். என்னைப் போல எத்தனை கடைகளில் பிழையான கணக்கைச் சரியென்று நம்பிக்கொண்டு இருக்கிறார்களோ தெரியாது. இரண்டு விதமாக வாசிக்கக்கூடிய திகதி வந்தால் டிரைவர் பிழை காட்டி நிற்க வேண்டும். ஜூன் 13ஆம் திகதி சிரித்தவர் எனக்கு எழுத்தில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காசைக்கூட விடுவேன், இதை விட மாட்டேன். கிண்ணியா நானாவுக்குக் காட்ட, பிழை உங்களுடையது என்று உங்கள் கடிதத் தலைப்பில் ஒரு கடிதமும் வேண்டும்.

ஆகஸ்ட் 9ஆம் திகதிக்குள் பதில் வராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழுள்ள பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு இந்தக் கடிதத்தின் பிரதியோடு முறையிடுவேன். அதற்கும் மேலே போக எங்கள் முதலாளி சட்டத்தரணியோடு கதைத்துவிட்டார். அப்படிப் போக எனக்கு விருப்பமில்லை. ஒன்பது வருடப் பழக்கத்தை மதித்துத்தான் முதலில் உங்களுக்கு எழுதுகிறேன். உங்கள் ஆள் ஒருவரை இங்கே அனுப்பினால் ஒவ்வொரு பிழையையும் திரையில் காட்டித் தருவேன். பெட்டியை இனி நான் மடியில் தூக்கிக்கொண்டு வர மாட்டேன்.

திருப்பி அனுப்பப்பட்ட மே 16 பில்கள், ஜூன் 10 கடன் பட்டியல், மே 14 பஸ் ரிக்கற் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்திருக்கிறேன். மூலப் பிரதிகள் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
கணக்காளர்,
உட்துறைமுக வீதி, திருகோணமலை.