குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

அன்புள்ள உறுப்பினர்களுக்கு வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டும் மாதம் தவறாமல் கூடியது. படிக்கட்டு விளக்குகள் மாற்றப்பட்டன, மொட்டைமாடி ஒழுகல் சரிசெய்யப்பட்டது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வந்த புகார்களில் பெரும்பாலானவை சோலார் வாட்டர் ஹீட்டர் பற்றியவை என்பதால் அதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

நம் மாடியில் இரண்டு வகை இருக்கின்றன. ஒன்று, கண்ணாடி மூடிய பெட்டிக்குள் கறுப்புப் பூச்சு பூசிய செம்புத் தகடும் குழாய்களும் கொண்ட தட்டைப் பலகை. மற்றது, வரிசையாகச் சாய்ந்து நிற்கும் கண்ணாடிக் குழாய்கள். இவற்றுக்கு இரட்டைச் சுவர், நடுவே வெற்றிடம். உள்ளே போன வெப்பத்தை அந்த வெற்றிடம் வெளியேற விடாது. இரண்டிலும் மோட்டார் கிடையாது. சூடான தண்ணீர் அடர்த்தி குறைந்து மேலே உள்ள தொட்டிக்கு ஏறும், தொட்டியின் அடியில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் கீழே இறங்கும். வெயில் இருக்கும்வரை இது தானாகவே நடக்கும்.

அதனால்தான் தொட்டி உயரத்தில் இருக்க வேண்டும். ஒழுகலைச் சரிசெய்ய வந்தவர்கள் ஒரு தட்டைப் பலகையின் தொட்டியை இறக்கி, வேலை முடிந்ததும் பழைய உயரத்துக்கு ஏற்றாமல் வைத்துவிட்டுப் போனார்கள். மாலையில் கை வைக்க முடியாத சூடு, விடிந்தால் வெதுவெதுப்புகூட இல்லை. இரவில் பலகை குளிர்ந்ததும் ஓட்டம் திசை மாறி, தொட்டியின் சூடெல்லாம் பலகை வழியே வானத்துக்குப் போயிருக்கிறது. தொட்டியின் அடிப்பாகம் பலகையின் மேல் விளிம்பைவிட 30 செ.மீ. உயரத்தில் இருக்கும்படி தூக்கி வைத்தோம். அப்புறம் அந்த வீட்டிலிருந்து புகார் வரவில்லை.

கண்ணாடிக் குழாயின் கீழ்நுனியைப் பாருங்கள். வெள்ளிபோல மின்னினால் நல்லது. பால்வெள்ளையாகிவிட்டால் வெற்றிடம் போய்விட்டது, அந்தக் குழாயை மாற்றத்தான் வேண்டும். இன்னொரு வீட்டில் பிளம்பர் இணைப்பைக் கழற்றியதும் உப்புப் படிவம் வெள்ளைச் செதில்களாகக் கொட்டியது. குழாய் பாதி அடைத்திருந்தால் எந்த வெயிலும் உதவாது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன். தொட்டியின் மேல் நிற்கும் காற்றுக் குழாயை யாரும் அடைக்காதீர்கள். ஒரு தொட்டியில் தூசி விழாமலிருக்கத் துணி செருகியிருந்தது. நல்ல எண்ணம்தான், ஆனால் நீராவிக்கு வழியில்லாவிட்டால் தொட்டி வெடிக்கலாம். தண்ணீர் வேகமாக வடியும்போது காற்று உள்ளே வராவிட்டால் தொட்டி உள்வாங்கி நசுங்கவும் கூடும்.

தொட்டிக்குள் இருக்கும் மின்சார ஹீட்டரைக் காலையில் போட்டுவிட்டு நாள் முழுவதும் விட்டுவிடுவதும் நடக்கிறது. 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரி உயர்த்த ஏறக்குறைய 3.5 யூனிட் ஆகும். வெயில் இலவசமாகச் செய்கிற வேலைக்கு இதை ஏன் செலவழிக்க வேண்டும்? மேகமூட்டமான நாளில், வெயில் சாய்ந்த பிறகு போட்டால் போதும். அப்போது தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வையுங்கள். வெதுவெதுப்பாகவே தேங்கும் நீரில் லெஜியோனெல்லா கிருமி வளரும்.

ஆண்டுக்கு ஒருமுறை எல்லாத் தொட்டிகளிலும் உப்பு நீக்கி, துருவைத் தடுக்கும் மெக்னீசியம் கம்பி கரைந்திருந்தால் மாற்றும் பணியைச் சங்கமே பொதுச் செலவில் ஏற்கலாம் எனச் செயற்குழு தீர்மானித்துள்ளது. இதற்குப் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்