மெல்போர்னில் இருக்கும் சின்னவனுக்கு

மயிலாப்பூர்,
ஞாயிறு இரவு.

அன்புள்ள சின்னவனுக்கு,

நேற்று மாலை பெரியம்மாவுடன் வாணி மகாலுக்கு நாடகம் பார்க்கப் போயிருந்தேன். லஸ் முனையில் மெட்ரோ வேலைக்காகத் தடுப்பு வைத்திருப்பதால் ஆட்டோ சுற்றிக்கொண்டு போய், நாங்கள் உள்ளே நுழையும்போது திரை விலகிவிட்டது. உன் பதவி உயர்வைப் பற்றிப் பெரியம்மா வழியெல்லாம் ஆட்டோக்காரரிடம் சொல்லிக்கொண்டே வந்தாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. இரவு சாப்பிடாமல் படுக்கும் பழக்கத்தை விட்டுவிட்டாயா? போன வாரம் கேட்டதற்கு நீ பதில் சொல்லவில்லை.

ஒரே கதையாக ஓடும் நாடகம் இல்லை. ஐந்தாறு இளைஞர்கள் சேர்ந்து, நாம் அன்றாடம் பார்ப்பதையும் கேட்பதையும் பகடி செய்து, பத்துப் பத்து நிமிடக் காட்சிகளாக நடித்தார்கள். அவற்றில் மயான காண்டம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. லோகிதாசனை மடியில் கிடத்தி அழும் சந்திரமதியிடம், கால் பணமும் முழத்துண்டும் கேட்க வேண்டிய அரிச்சந்திரன், இடுப்பிலிருந்து க்யூஆர் கோடு அட்டையை எடுத்து நீட்டினான். அவள் பணம் அனுப்ப, சுடுகாட்டின் நடுவே "பரிவர்த்தனை தோல்வியடைந்தது" என்று ஒரு குரல் ஒலித்தது. ஆனால் அந்தப் பையன் பழைய நாடகக்காரர்களைப் போல நீட்டி இழுத்துப் பாடிய விருத்தத்தில் ஓர் இடத்திலும் சுருதி விலகவில்லை. அந்தப் பாட்டை உயிராக நேசித்தவனால்தான் அதை அப்படிக் கேலி செய்ய முடியும். பெரியப்பா இருந்திருந்தால், 1891இல் சுகுண விலாச சபையைத் தொடங்கிய பம்மல் சம்பந்த முதலியாரே அரிச்சந்திரனைத் தலைகீழாகப் புரட்டி, பொய்யைத் தவிர வேறொன்றும் பேசாத அரசனை வைத்து 'சந்திரஹரி' எழுதினார் என்று அங்கேயே ஆரம்பித்திருப்பார்.

உன்னைத்தான் நினைத்துக்கொண்டேன். 2019 ஜூன் 10ஆம் தேதி கிரேஸி மோகன் மறைந்த அன்று, நீ அலுவலகத்திலிருந்து அழைத்துவிட்டு வெகுநேரம் பேசாமலேயே இருந்தாய். அவர் தம் நாடக நாயகிகளுக்கெல்லாம் ஜானகி என்றே பெயர் வைத்தது தம் பள்ளி ஆசிரியையின் மேல் இருந்த மரியாதையால் என்று எனக்குச் சொன்னவனும் நீதான். அப்போதெல்லாம் நீ என்னிடம் எதையும் மறைத்ததில்லை. இப்போது வாரம் ஒருமுறை பேசுகிறாய், நன்றாக இருக்கிறேன் என்கிறாய், வைத்துவிடுகிறாய். வேலை எவ்வளவு இருந்தாலும் வேளைக்குச் சாப்பிட வேண்டும். அதை மட்டும் கேள்.

இடைவேளைக்குப் பிறகு தொலைக்காட்சித் தொடரை எடுத்துக்கொண்டார்கள். காபியில் சர்க்கரை இல்லை என்று மாமியார் சொல்கிறாள், இடி இடிக்கிறது, மாமனார், நாத்தனார், வாசலில் நிற்கும் பால்காரர் என்று ஒவ்வொருவர் முகமும் மூன்று முறை திரும்புகிறது. அரங்கமே சிரித்தது, நானும் சிரித்தேன். பிறகு அந்த மாமியார் எழுந்து நின்று, குரலை மாற்றி, மருமகள் எப்படிப் பேசுகிறாள் என்று எல்லோருக்கும் பேசிக் காட்டினாள். மருமகளாக நடித்த பெண் முந்தானை ஓரத்தை விரலில் சுருட்டிக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து சிரிப்பதாக நடித்தாள். வாய் மட்டும்தான் சிரித்தது. அந்த முகத்தை நான் நம் வீட்டுக் கூடத்தில் பார்த்திருக்கிறேன்.

தை மாதம் நீங்கள் வந்திருந்தபோது, உறவுக்காரர்கள் எல்லாம் உட்கார்ந்திருந்த நேரத்தில், "இட்லி வந்தான், சாம்பார் தீர்ந்துபோனாள்" என்று அவளுடைய தமிழை நான் பேசிக் காட்டினேன். ஒருமுறை சிரித்தார்கள் என்பதற்காக மறுபடியும் செய்தேன். நீயும் சிரித்தாய். அதை நான் மறக்கவில்லை. ஆனாலும் தொடங்கியவள் நான். புனேயில் பிறந்து வளர்ந்த பெண், நம் வீட்டுக்கு வந்த பிறகுதான் தமிழில் வாயைத் திறந்தாள். அவள் சமையலறைக்குப் போய், கழுவிக் கவிழ்த்து வைத்திருந்த டம்ளர்களை எடுத்து மறுபடியும் கழுவினாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உள்ளே போய் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

நீங்கள் கிளம்பிய பிறகு மாடி அறை அலமாரியில் ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் கிடந்தது. இந்தி எழுத்தாக இருந்ததால் கணக்கு ஏதோ என்று எடுத்து வைத்துவிட்டேன். நேற்று இரவு வீட்டுக்கு வந்ததும் பெரியம்மாவிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். இந்தி எழுத்தில் எழுதியிருந்ததெல்லாம் தமிழ். உளுந்து, வெந்தயம், பெருங்காயம். அடுத்த பக்கத்தில், "அத்தை, நீங்கள் உட்காருங்கள், நான் செய்கிறேன்" என்பதை மூன்று முறை எழுதிப் பழகியிருக்கிறாள். ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டிருக்கிறாள். நான் பேசிக் காட்டிய நாளுக்குப் பிறகு எல்லாப் பக்கங்களும் வெறுமையாக இருக்கின்றன.

மூன்று மாதங்களாக உன் பேச்சில் "சாப்பிட்டோம்" என்பது "சாப்பிட்டேன்" என்று மாறிவிட்டது. அவள் எங்கே இருக்கிறாள், எப்படி இருக்கிறாள் என்று ஒவ்வொரு முறையும் கேட்க நினைத்து, சாப்பாட்டைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். உங்களுக்குள் நடப்பது என்னால்தான் என்று சொல்லும் அளவுக்கு எனக்கு ஒன்றும் தெரியாது. என் பங்கு எது என்பது மட்டும் தெரிகிறது.

நோட்டுப் புத்தகத்தை நாளைக் காலை ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புகிறேன். அவள் எழுதி நிறுத்திய பக்கத்துக்கு அடுத்த பக்கத்தில், பெரியம்மா ஒரு தாளில் எழுதிக் காட்டியதைப் பார்த்து, இந்தி எழுத்தில் நானே இரண்டு வரி எழுதியிருக்கிறேன். எழுத்து கோணலாகத்தான் வந்திருக்கிறது. அது அவளுக்கு எழுதியது. அவள் எங்கே இருந்தாலும் அவள் கையில் கொண்டுபோய்க் கொடு. நீ பிரித்துப் படிக்காதே.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். சாப்பிடாமல் படுக்காதே.

அன்புடன்,
அம்மா