கொள்ளுப்பாட்டியின் போர்வையைத் தைத்துக்கொண்டிருக்கிறேன்

அன்புள்ள கண்ணம்மா,

கொள்ளுப்பாட்டியின் ஒட்டுத்துணிப் போர்வையை அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தாய். அதை அனுப்ப மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அதைப் போலவே இன்னொன்றை உனக்காகக் கையாலேயே தைத்துக்கொண்டிருக்கிறேன்.

பழையது மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றுவிட்டது. பழுப்புத் துண்டுகள் தொட்டாலே உதிர்கின்றன. அந்தக் காலத்தில் பழுப்புச் சாயம் துணியில் பிடிக்க இரும்பு உப்பு சேர்ப்பார்கள். அந்த இரும்புதான் இத்தனை வருஷமாகத் துணியை அரித்திருக்கிறது. ஒட்டினாற்போல் இருக்கும் சிவப்புத் துண்டுக்கு ஒன்றுமே ஆகவில்லை. ஆனாலும் இனி ஒரு துவைப்பைக்கூட அந்தப் போர்வை தாங்காது.

நிறம் பார்ப்பதில்தான் நிறைய நாள் போனது. மேலே பார்த்தால் வெளிறிய நீலம். ஓரத்தில் தையல் விட்டிருந்த ஓரிடத்தில், உள்ளே மடிந்திருந்த கால் அங்குலத் துணியை மெல்லத் திருப்பினேன். வெளிச்சமே படாத அந்த விளிம்பு நல்ல கருநீலம்! கொள்ளுப்பாட்டி ஆசையாக எடுத்த நீலம் அதுதானே? உனக்கும் அதையே எடுத்தேன். டீத்தண்ணீரில் முக்கினால் பழசு மாதிரி தெரியும் என்றார்கள். எனக்கு இஷ்டமில்லை. டீயின் துவர்ப்பு துணியின் ஆயுளைக் குறைக்கும். தவிர, நீ போர்த்திப் போர்த்தித்தான் அது பழசாக வேண்டும்.

ஒவ்வொரு சதுரமும் ஒன்பது கட்டம். பழையதன் மேல் கண்ணாடித்தாள் விரித்து அளவெடுத்தேன். மூன்றாவது வரிசையில் ஒரே ஒரு சதுரத்தில் நீலமும் வெள்ளையும் இடம் மாறியிருக்கின்றன. திருத்த மனசு வரவில்லை. அப்படியே தைத்திருக்கிறேன், தேடிப் பார்.

இப்போது மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் சேர்த்து நூலோட்டுகிறேன். நடுவில் தொடங்கி ஓரத்துக்குப் போக வேண்டும். இல்லாவிட்டால் நடுவில் துணி கூடிக்கொண்டு மேடுதட்டும். குட்டை ஊசி, நடுவிரலில் உலோகத் தொப்பி. ஊசியை மேலும் கீழுமாக ஆட்டி மூன்று நான்கு தையலைச் சேர்த்துக் கோத்து, அப்புறம் இழுக்கிறேன். அடியில் இருக்கும் விரலில் ஊசிமுனை ஒவ்வொரு முறையும் லேசாகத் தட்ட வேண்டும். அப்போதுதான் மூன்று அடுக்கையும் தாண்டியிருக்கிறது என்று நம்பலாம். அந்த விரல்நுனி இப்போது காய்த்துப்போய்விட்டது. முடிச்சை வெளியே விடுவதில்லை. நூலைச் சுண்டினால் 'டப்' என்று மேல்துணிக்குள் புகுந்து பஞ்சில் ஒளிந்துகொள்ளும். அந்தச் சின்னச் சத்தம் எனக்கு அவ்வளவு பிடிக்கிறது.

பழையதில் எண்ணிப் பார்த்தேன், அங்குலத்துக்கு 10 தையல். எனக்கு முதலில் 5 வந்தது, இப்போது 7. எண்ணிக்கையைவிட எல்லாத் தையலும் ஒரே அளவில் விழுவதுதான் கண்ணுக்கு அழகு. ஆரம்பத்தில் கோணியதை இரண்டு தடவை பிரித்தேன்.

முடித்ததும் பின்பக்க மூலையில் என் பெயரையும் வருஷத்தையும் தைத்துவிடுவேன். பின்னாளில் யாரும் இதைப் பழையது என்று நினைத்து ஏமாறக் கூடாது. பழையதை மடிக்காமல், வெளுத்த பருத்தித் துணியோடு சேர்த்துச் சுருட்டி வைத்திருக்கிறேன். வரும்போது இரண்டையும் பக்கத்தில் விரித்துப் பார்க்கலாம்.

உன் புதுப் போர்வையை முதல் தடவை பச்சைத் தண்ணீரில் அலசி நிழலில் காயப்போடு. பஞ்சு கொஞ்சம் சுருங்கி, தையலைச் சுற்றித் துணி சுருக்கம் சுருக்கமாக எழும்பும். கெட்டுப்போச்சோ என்று பயந்து இஸ்திரி போட்டுவிடாதே.

அன்புடன்,
அம்மா