அடிக்கிற மீனைத் திருப்பிக் கொடுத்துவிடாதே

அன்புள்ள கவிதா,

நீ அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். உன் தொட்டியில் இருக்கும் ஆறு ஏஞ்சல் மீன்களில் கறுப்பு ஒன்று மற்ற மீன்களை ஒரு மூலையில் ஒதுக்கி வைத்திருக்கிறது. "இந்த ரவுடியை மட்டும் கொளத்தூர் மீன் கடையில் திருப்பிக் கொடுத்துவிடட்டுமா அண்ணா?" என்று கேட்டிருந்தாய். வேண்டாம். வீடியோவில் வலது பக்கத்தை இன்னொரு முறை பார். கறுப்பின் பக்கத்திலேயே மார்பிள் கல் போலத் திட்டுத் திட்டான நிறத்தில் ஒரு மார்பிள் ஏஞ்சல் நிற்கிறதே, அதன் மேல் இது கை வைக்கவே இல்லை. இரண்டும் மாறி மாறி ஃபில்டர் குழாயைக் கொத்திச் சுத்தம் செய்கின்றன. ஜோடி சேர்ந்துவிட்டது, முட்டையிட இடம் பார்த்தாயிற்று. மற்ற நான்கும் இப்போது அந்த வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்தவர்கள்.

ஏஞ்சல் பார்க்கத்தான் சாது. இதுவும் சிக்லிட் என்கிற மீன் குடும்பம்; சண்டைக்குப் பேர்போன ஆஸ்கார், ஃப்ளவர்ஹார்ன் மீன்கள் எல்லாம் இதற்குப் பங்காளிகள். முட்டை, குஞ்சு என்று வந்துவிட்டால் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து காவல் நிற்கும். இதன் சொந்த ஊரான அமேசான் ஆற்றில் விரட்டப்பட்ட மீன் நாலு வேர் தாண்டி ஓடிவிடும், துரத்தியதும் திரும்பிப் போய்விடும். உன் தொட்டியில் ஓடுகிற மீனுக்குக் கண்ணாடிதான் எல்லை. ஓடியும் கண்ணிலேயே நிற்பதால் அடி நிற்பதில்லை.

கடையில் ஒரே தொட்டியில் நூறு கிடந்தும் சண்டை இல்லையே என்று கேட்பாய். அவை ரூபாய் நாணயம் அளவுக் குஞ்சுகள், ஜோடி சேரும் வயதே வரவில்லை. அந்த நெரிசலில் எந்த மீனும் ஓர் இடத்தைத் தனதென்று பிடித்து வைக்கவும் முடியாது. வீட்டுக்கு வந்து சில மாதம் தின்று வளர்ந்த பிறகுதான் சுயரூபம் தெரியும். விற்கிறவர்கள் இதை ஒரு வார்த்தை சொல்லிவிட்டு விற்றால் நன்றாக இருக்கும்.

கறுப்பை எடுத்துவிட்டால் ஓரிரு நாள் அமைதியாக இருக்கும். அப்புறம் அடுத்த பலசாலி அந்த இடத்தைப் பிடிக்கும், இல்லாவிட்டால் வேறொரு ஜோடி சேரும். இடம் அதேதானே? உன் தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். முழுக்க நிரப்பினாலும் 56 லிட்டர்தான். மணலும் கல்லும் போக இன்னும் குறையும். வளர்ந்த ஏஞ்சலின் உடல் 15 சென்டிமீட்டர் வரை வரும், மேல் துடுப்பிலிருந்து கீழ் துடுப்பு வரை 20-ஐத் தாண்டும். ஓரடி உயரத்தில் அது நிமிர்ந்து நிற்பதே பாடு. ஆறையும் வைத்துக்கொள்ள ஆசை என்றால் நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் வேண்டும். அது 250 லிட்டருக்கு மேல், அதாவது தண்ணீர் மட்டுமே கால் டன். உன் வீட்டு டிவி மேசை தாங்காது, இரும்பு ஸ்டாண்டு செய்ய வேண்டியிருக்கும்.

அவ்வளவு செலவு இப்போது முடியாது என்றால் கறுப்பையும் மார்பிளையும் வைத்துக்கொண்டு மற்ற நான்கையும் கொடுத்துவிடு. இது உனக்கு அநியாயமாகப் படும், அடித்தவனுக்கு வீடு, அடிபட்டவனுக்கு வெளியேற்றமா என்று. ஆனால் பிழைக்கப்போவது அந்த நான்கும்தான். மேல் மூலையில் துடுப்பைச் சுருக்கிக்கொண்டு, நிறம் கருத்து நிற்கிறதே ஒன்று, அதன் வால் ஏற்கெனவே கிழிந்திருக்கிறது. அதை இன்றைக்கே வேறு தொட்டிக்கு மாற்று. வாளியானாலும் சரி, ஏர் பம்பு போட்டு மூடி வை. தீனி எடுக்காமல் போனால் அப்புறம் மீட்பது கஷ்டம்.

இருக்கிற இரண்டுக்கும்கூட நாளடைவில் ஒன்றரை அடி உயரத் தொட்டி ஒன்று பார்த்து வை. அதுவரை அகலமான இலையுள்ள அமேசான் ஸ்வார்டு செடியும் ஒரு மரக்கட்டையும் நடுவில் வை, ஒன்றின் கண்ணிலிருந்து மற்றொன்று மறைய இடம் கிடைக்கும். ஜோடிக்குள்ளேயும் சண்டை வரும். துடுப்பை விரித்து, செவுளைப் புடைத்து, வாயோடு வாய் கவ்வி இழுக்கும். இரண்டும் சமமாக இழுத்தால் விட்டுவிடு, ஒன்று மட்டுமே ஓடிக்கொண்டிருந்தால் பிரித்துவிடு. நியான் டெட்ரா வாங்குகிற யோசனையை விட்டுவிடு, வளர்ந்த ஏஞ்சலுக்கு அது தீனி. டைகர் பார்பும் வேண்டாம், நீண்ட துடுப்பைக் கண்டால் அது கடிக்காமல் விடாது.

கறுப்பு ஆண், மார்பிள் பெண் என்று நீயே முடிவு கட்டியிருக்கிறாய். நிறத்தை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. முட்டையிடும் சமயத்தில் வயிற்றுக்கு அடியில் சின்னக் குழாய் போல ஒன்று நீளும். ஆணுக்கு ஒல்லியாகக் கூராக, பெண்ணுக்குத் தடிப்பாக மழுங்கலாக இருக்கும். இரண்டு பெண்கள் ஜோடி சேர்ந்து முட்டையிடுவதும் உண்டு, அந்த முட்டைகள் வெள்ளையாகிப் பூஞ்சை பிடித்துவிடும். முதல் தடவை இட்டதைத் தாமே தின்றுவிட்டாலும் பதறாதே, இரண்டு வாரத்துக்குள் மறுபடி இட வாய்ப்பு உண்டு. குழாய் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்