பிராங்பேர்ட் நாணயச் சேகரிப்பு வட்டம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

கண்டதையெல்லாம் வாங்காமல் ஓர் ஊரின் வெள்ளிக் காசுகளை மட்டும் பார்ப்போம் என்று சென்ற பொதுக்கூட்டத்தில் முடிவெடுத்தோம். நாம் இருக்கும் பிராங்பேர்ட்டையே எடுத்துக்கொண்டோம். 1866இல் பிரஷ்யா விழுங்கும்வரை இது சுதந்திர நகரம். மன்னர் இல்லாத ஊர், ஆகவே காசில் கழுகு இருக்கும், நகரக் காட்சி இருக்கும். 1850களின் இறுதியிலிருந்து நகரையே பெண்ணாக உருவகித்த முகமும் இருக்கும். அது நடிகை ஃபன்னி யானவுஷெக்கின் முகம் என்று வியாபாரிகள் சலிக்காமல் சொல்வார்கள். நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு.

ஒன்றுகூடல்களில் அதிகம் பேசப்பட்டது 1849ஆம் ஆண்டின் இரட்டைக் குல்டன், அதாவது அக்காலத்தில் இங்கு புழங்கிய குல்டன் என்ற நாணயத்தின் இருமடங்கு மதிப்புள்ள வெள்ளிக் காசு. இந்நகரில் கூடிய தேசிய சபை மார்ச் 28இல் பிரஷ்ய மன்னர் நான்காம் பிரெட்ரிக் வில்ஹெல்மை ஜேர்மானியரின் பேரரசராகத் தெரிவுசெய்தது. அதற்கு நினைவுக் காசும் அடித்தார்கள். மன்னரோ முடியே வேண்டாம் என்றுவிட்டார்! அந்தக் காசு இன்று மிக அரிது. நமது நிதிக்கு எட்டாது. அதே ஆண்டு கவிஞர் கோதேயின் நூறாவது பிறந்தநாளுக்கு வெளிவந்த இரட்டைக் குல்டன் அதைவிட எளிதாகக் கிடைக்கும். புதியவர்கள் அதைத் தேடுவதே புத்தி.

இவ்வருடத்தின் உருப்படியான செலவு, தராசு. தாலர் என்பது அக்கால ஜேர்மானியரின் பெரிய வெள்ளிக் காசு. 1857க்குப் பிந்திய தாலரில் 30 தாலருக்கு ஒரு பவுண்டு தூய வெள்ளி என்ற கணக்கு பொறிக்கப்பட்டிருக்கும். அந்தப் பவுண்டு 500 கிராம். ஆயிரத்துக்கு 900 பங்கு வெள்ளி என்பதால் காசின் எடை 18.52 கிராம் வரவேண்டும். பழைய பொருட் சந்தையில் ஓர் அங்கத்தவர் வாங்கிவந்த 1860ஆம் ஆண்டுத் தாலர் 15 கிராமைக்கூடத் தொடவில்லை. விளிம்பைத் திருப்பிப் பார்த்தால் அசலில் இருக்கவேண்டிய எழுத்தே இல்லை, உருக்கி வார்த்ததைக் காட்டும் தையல் கோடுதான் தெரிந்தது. சரி, பாடத்துக்கு ஒரு போலி வேண்டும்தானே. வட்டத்துக்கே தந்துவிட்டார், நன்றி. அப்புறம், பற்பசை போட்டுக் காசைத் தேய்ப்பதை இனியாவது நிறுத்துங்கள். பாதி விலை அத்தோடு போய்விடும்.

கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

அடுத்த ஆண்டுக்குப் ஜேர்மன் பேரரசுக் கால (1871–1918) ஹம்பேர்க், லூபெக், பிரேமன் காசுகளை நிர்வாகக் குழு முன்மொழிகிறது. பிரேமனில் தொடங்கலாம்: வெள்ளியில் 1904ஆம் ஆண்டு 2 மார்க், 1906ஆம் ஆண்டு 5 மார்க், இரண்டே வகை.

இவ்வறிக்கையைச் சபை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்